மிலிட்டரி ஆர்பிஜிக்கு சக்கர கவச வண்டி ரெடி பண்றது எப்படி: பெங்களூர்ல புதுசா ஆரம்பிக்கிற ஜிஎம்களுக்கு

மிலிட்டரி ஆர்பிஜி, அதாவது ஆளுக்கொரு கேரக்டரா இருந்து மேஜையில ஆடற ரோல் ப்ளேயிங் கேம், ஆடலாம்னு ஒரு குரூப் சேந்தா போதும், "ஜிஎம், எங்களுக்கு ஒரு ஏபிசி குடுங்க"ன்னு யாராச்சும் ஒருத்தர் கேட்டே தீருவாங்க. ஏபிசின்னா ஆளுங்கள ஏத்திட்டு போற கவச வண்டி, ஜிஎம்னா கதைய நடத்துற கேம் மாஸ்டர். ஜிஎம்மும் ஆசையா குடுத்துருவார். அப்புறம் நடக்குறது ரெண்டே ரெண்டுதான், ஒண்ணு வண்டிக்குள்ள உக்காந்துட்டு பாக்குறதையெல்லாம் சுட்டுட்டே போவாங்க, கதைன்னு ஒண்ணு இருந்ததே மறந்துரும், இல்லன்னா முதல் ராக்கெட்லயே வண்டியோட சேத்து மொத்த டீமும் காலி, அன்னிக்கு ராத்திரி வாட்சப் குரூப்ல யாரும் பேச மாட்டாங்க. இது ரெண்டும் இல்லாம வண்டிய கதைக்குள்ள ஒரு ஆளு மாதிரி வச்சு ஆடறதுக்கு என்னென்ன வேணும், எவ்வளவு செலவாகும், பெங்களூர்ல எங்க போய் என்ன கேக்கணும்னு எங்க குரூப் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டத வரிசையா எழுதுறேன். ரூல்ஸ் புக் எதுவா இருந்தாலும் இது ஒத்து வரும், நம்பர் மட்டும் உங்க சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

1. முதல்ல ஆளை எண்ணுங்க

எல்லாரும் துப்பாக்கிய பாத்து வண்டி எடுப்பாங்க. நீங்க உங்க மேஜையில எத்தனை பேருன்னு பாத்து எடுங்க.

டிரைவர், கன்னர், கமாண்டர்னு மூணு பேர் கேக்குற வண்டிய நாலு பேர் டீமுக்கு குடுத்தா கீழ இறங்கி நடக்க ஒரே ஒருத்தர்தான் மிச்சம். மத்த மூணு பேரும் வண்டிக்குள்ளயே உக்காந்து பாப்கார்ன் சாப்பிடுவாங்க. ரஷ்ய பிடிஆர்-80 மூணு பேர் க்ரூ, கூட 7 பேர் உக்காரலாம். அமெரிக்க எல்ஏவி-25ம் மூணு பேர் க்ரூதான், பின்னாடி 6 பேர் வரைக்கும். ஜெர்மன் ஃபூக்ஸ் 6×6, ஃப்ரெஞ்ச் விஏபி 4×4, இது ரெண்டும் க்ரூ 2 பேர், பின்னாடி 10 பேர். இன்னொரு அமெரிக்க வண்டி ஸ்ட்ரைக்கர், க்ரூ 2, பின்னாடி 9.

மூணு நாலு ப்ளேயர் மட்டும்னா ஃபூக்ஸ் இல்ல விஏபி எடுங்க. அஞ்சாறு பேர் இருந்தா பிடிஆர்-80 சரியா இருக்கும், ஏன்னா அதுல கமாண்டர் இறங்கிட்டாலும் டிரைவரும் கன்னரும் வண்டிய பாத்துப்பாங்க. ஆள் பத்தலன்னா டிரைவர் சீட்ல ஒரு என்பிசிய (ஜிஎம்மே ஆட்டுற கேரக்டர்) போட்டுக்கலாம், ஆனா அந்த என்பிசிக்கு ஒரு பேரும் ஒரு பயமும் குடுத்துருங்க, இல்லன்னா ரிமோட் கார் ஓட்டுற மாதிரி ஆயிரும்.

அடுத்து கதை நடக்குற வருஷம். விஏபி 1976, ஃபூக்ஸ் 1979, எல்ஏவி-25 1983, பிடிஆர்-80 எண்பதுகளோட நடுவுல, ஸ்ட்ரைக்கர் 2002. தொண்ணூறுகள்ல நடக்குற கதையில ஸ்ட்ரைக்கர் வந்தா கண்டிப்பா ஒருத்தர் கை தூக்குவார், அரைமணி நேரம் போயிரும். நம்ம ஊரு வண்டிதான் வேணும்னா டாடாவும் டிஆர்டிஓவும் சேந்து பண்ண 8×8 கெஸ்ட்ரல், 2014 டிஃபெக்ஸ்போ ஆயுதக் கண்காட்சியில காட்டினது, தண்ணியிலயும் போகும். சின்னதா வேணும்னா கல்யாணி எம்4, நம்ம ஆர்மி 2021ல ஆர்டர் போட்ட 4×4. ரெண்டும் இப்போ நடக்குற கதைக்குத்தான் பொருந்தும்.

2. அடுத்தது கதவு

எங்க மேஜையில இதுதான் எல்லாத்தையும் மாத்துச்சு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பிடிஆர்-80ல இன்ஜின் பின்னாடி இருக்கு. அதனால பின்பக்கம் கதவே கிடையாது. ரெண்டு பக்கமும் ரெண்டாவது சக்கரத்துக்கும் மூணாவது சக்கரத்துக்கும் நடுவுல ஒரு கதவு, அது ரெண்டு துண்டா திறக்கும், மேல் பாதி முன்பக்கமா திரும்பும், கீழ் பாதி வெளிய மடங்கி படிக்கட்டு மாதிரி விழும், அதுல கால் வச்சு இறங்கணும். வண்டி மெதுவா ஓடிட்டு இருக்கும்போதே கூட குதிக்கலாம். ஆனா எதிரி இடது பக்கமா இருந்தா இடது கதவு செத்த கதவு, வலது பக்கமா ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வெளிய வரணும், எல்லாரும் இறங்குற வரைக்கும் டிரைவர் வண்டிய சரியான கோணத்துல நிறுத்தி வைக்கணும். ஒரு டிரைவர் ப்ளேயருக்கு இதைவிட நல்ல வேலை குடுக்க முடியாது.

ஸ்ட்ரைக்கர், எல்ஏவி-25, ஃபூக்ஸ், விஏபி இதுக்கெல்லாம் பின்பக்கம்தான் வழி. ஸ்ட்ரைக்கர்ல பெரிய ராம்ப் இறங்கும், மத்ததுல ரெண்டு கதவு. வண்டி மூஞ்சிய எதிரிக்குக் காட்டிட்டு பின்னாடி வழியா இறங்கினா முழு வண்டியும் மறைப்பு. இது ரொம்ப சேஃப், அதனாலயே கதைக்கு கொஞ்சம் சப்புன்னு இருக்கும். பழைய பிடிஆர்-70ல கதவு இன்னும் மோசம், கீழ சக்கரத்துக்கு நடுவுல சின்னதா ஒரு பொந்து, பேக் மாட்டிட்டு வெளிய வர்றதுக்குள்ள உயிர் போயிரும். டீம கஷ்டப்படுத்தணும்னா அதக் குடுங்க.

இன்னொண்ணு, பிடிஆர்-80 டரட் (வண்டி மேல சுத்துற துப்பாக்கிக் கூண்டு) துப்பாக்கி 60 டிகிரி வரைக்கும் மேல தூக்கும். பிடிஆர்-60, 70ல அது பாதிதான், 30 டிகிரி. ஊருக்குள்ள சண்டைன்னா நாலாவது மாடி ஜன்னல்ல இருந்து சுடுறவன திருப்பி அடிக்க முடியுமா முடியாதாங்கறத இந்த ஒரு நம்பர் முடிவு பண்ணும்.

இதுல ஒரு பெரிய குழி இருக்கு. நெட்ல பிடிஆர்-80ன்னு போட்டு படம் தேடினா பாதி படம் 80ஏ, இல்லன்னா 82ஏ. அது ரெண்டுலயும் 30 மிமீ கேனன். சாதா 80ல சின்னதா கூம்பு மாதிரி டரட், அதுல இருந்து 14.5 மிமீ மெஷின் கன் நீட்டிட்டு இருக்கும். 30 மிமீ உள்ளதுல துப்பாக்கி டரட்டுக்கு மேல வெளிய தெரியற மாதிரி ஏறி உக்காந்திருக்கும். ப்ளேயர் வேணும்னே 82ஏ படத்த அனுப்பி "இதான் ஜிஎம் நம்ம வண்டி"ன்னு சொல்லுவான். ஏமாறாதீங்க. 30 மிமீ குடுத்தா எதிரி பக்கத்துல டேங்க் வைக்க வேண்டி வரும், அப்புறம் நடந்து போற கேரக்டருக்கு அந்தக் கதையில வேலையே இல்ல. எல்ஏவி-25ல இருக்குற 25 மிமீக்கும் இதே பேச்சுதான், முதல் கேம்பெய்னுக்கு அது வேணாங்கறது என் கருத்து.

3. வண்டிக்கு பேப்பர்ஸ் போடுங்க

நம்ம ஊர்ல ஆர்சி புக் இல்லாம வண்டி எடுக்க மாட்டோம்ல, இங்கயும் அதேதான். நாலு பேப்பர் வேணும், நாலும் செஷனுக்கு முன்னாடியே பிரிண்ட் ஆகியிருக்கணும்.

முதல் பேப்பர் வண்டி ஷீட், ஒரே ஒரு ஏ4. எடை, நீளம், ரோட்ல வேகம், தண்ணியில வேகம், டேங்க் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர் போகும், ஆயுதம், கவசம். பிடிஆர்-80க்கு நான் எழுதி வச்சிருக்கறது இதுதான்: 13.6 டன், 7.65 மீட்டர் நீளம், 2.9 மீட்டர் அகலம், 260 ஹெச்பி டீசல், ரோட்ல 80 கிமீ, 300 லிட்டர் டீசல், 600 கிமீ தூரம். 14.5 மிமீக்கு 500 ரவுண்டு, கூட இருக்குற 7.62 மிமீக்கு 2000 ரவுண்டு, 6 புகை குண்டு லாஞ்சர். அவ்ளோதான், ரெண்டாவது பக்கம் போகாதீங்க, போனா யாரும் படிக்க மாட்டாங்க.

ரெண்டாவது சீட் மேப். மேல இருந்து பாத்த மாதிரி வண்டிய வரைஞ்சு ஒவ்வொரு சீட்டுக்கும் நம்பர் போடுங்க. பிடிஆர்-80ல 3+7 மொத்தம் 10 சீட்டு, பத்து பக்க டைஸ் ஒண்ணு உருட்டினா யார் சீட்டுன்னு நேரா வந்துரும். ஃபூக்ஸ், விஏபி 2+10, பன்னெண்டு பக்க டைஸ். பிடிஆர்ல பின்னாடி இருக்குறவங்க பெரும்பாலும் நடு பெஞ்ச்ல முதுகோட முதுகு ஒட்டி வெளிப்பக்கம் பாத்து உக்காருவாங்க, சுடுறதுக்கு சைடுல ஓட்டை இருக்கு, அதனால யார் எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்காங்கங்கறதும் முக்கியம். ப்ளேயர் ஒவ்வொரு தடவையும் வண்டியில ஏறும்போது தன் பேர பென்சில்ல எழுதணும். எழுதலன்னா நின்னுட்டு வர்றான்னு அர்த்தம், வண்டி குலுங்கினா முதல் அடி அவனுக்குத்தான். ஒரு தடவை இத நடத்திக் காட்டினா அப்புறம் நீங்க கேக்கவே வேணாம், அவங்களே பென்சில் எடுப்பாங்க.

மூணாவது சாமான் லிஸ்ட். உள்ள எவ்வளவு இடம்னு ஆளுக்காள் சண்டை வரும், அதனால எங்க வழி என்னன்னா ஒரு காலி சீட்டுக்கு ரெண்டு 20 லிட்டர் ஜெர்ரிகேன் இல்லன்னா ஒரு பெரிய மூட்டை. ஆள் குறைஞ்சா சாமான் கூடும், நடுவுல யாரையாவது காப்பாத்தி ஏத்தணும்னா சாமான தூக்கி எறியணும். எங்க டீம்ல ஒரு அரிசி மூட்டைய எறியறதா வேணாமான்னு நடந்த வாக்குவாதம் எந்த சண்டை சீனவிடவும் சூடா இருந்துச்சு.

நாலாவது ரிப்பேர் ஷீட், டயர் எட்டுக்கும் எட்டு கட்டம், ரேடியோ, பெரிஸ்கோப், தண்ணி பம்ப், அவ்ளோதான்.

இந்த நாலையும் அவென்யூ ரோடு பக்கம் பிரிண்ட் போட்டா சீப்பா முடிஞ்சுரும், கிரீன் லைன் மெட்ரோல சிக்பேட்டை ஸ்டேஷன்ல இறங்கி நடக்குற தூரம்தான். சாதா ப்ளாக் அண்ட் வொயிட் பக்கத்துக்கு சில ரூபா, சீட் மேப் மட்டும் 300 ஜிஎஸ்எம் கார்டுல கலர்ல போட்டு லேமினேட் பண்ணிக்கோங்க, மார்க்கர்ல எழுதி எழுதி அழிக்கலாம். எல்லாம் சேத்து 200 ரூபாக்குள்ள வந்துரும். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பாதிக் கடை மூடியிருக்கும். சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னாடி போங்க, கல்யாண சீசன்ல அந்தக் கடைங்கள்ல பத்திரிகை வேலைதான் முதல்ல, உங்க ஏ4 ஓரமா கிடக்கும். ஃபைல பிடிஎஃப்பா கொண்டு போங்க, வேர்ட் ஃபைலா குடுத்தா அங்க தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வரும்.

4. கவசத்த நம்பரா மாத்துறது

நிறைய பேர் இங்கதான் விட்டுட்டு ஓடிருவாங்க. வீடியோ கேம்ல இருக்குற மாதிரி வண்டிக்கு 500 ஹெல்த் பாயிண்ட்னு போட்டுருவாங்க. அப்படிப் போட்டா ஏகே வச்சே அரைமணி நேரம் சுட்டு வண்டிய சாகடிக்கலாம்னு ஆயிரும், நிஜத்துல ஆயிரம் தடவை சுட்டாலும் பெயிண்ட்தான் போகும்.

நேட்டோவோட ஸ்டானாக் 4569னு ஒரு தரம் இருக்கு, அதுல லெவல் 1ல இருந்து 6. அத அப்படியே எடுத்துக்கோங்க, வேலை பாதி முடிஞ்சுது. லெவல் 1 சாதா ரைஃபிள் குண்டு. லெவல் 2 ஏகேவோட 7.62×39 கவசம் துளைக்கிற குண்டு, 30 மீட்டர்ல. லெவல் 3 பெரிய ரைஃபிளோட கவசம் துளைக்கிற குண்டு, அதுவும் 30 மீட்டர். லெவல் 4 14.5 மிமீ, 200 மீட்டர்ல. லெவல் 5 25 மிமீ, லெவல் 6 30 மிமீ, ரெண்டும் 500 மீட்டர்ல இருந்து.

வண்டிக்கு ஒரு நம்பர், துப்பாக்கிக்கு ஒரு நம்பர். துப்பாக்கி நம்பர் கம்மியா இருந்தா உள்ள போகாது, வெளிய இருக்குறது மட்டும் அடிபடும்: டயர், ஆண்டெனா, பெரிஸ்கோப் கண்ணாடி, பின்னாடி கட்டி வச்ச ஜெர்ரிகேன். சமமா இருந்தா டைஸ். அதிகமா இருந்தா உள்ள போச்சு, சீட் நம்பர் உருட்டுங்க. ஸ்ட்ரைக்கருக்கு செராமிக் தகடோட 4 குடுக்கலாம், 14.5 மிமீய தாங்கத்தான் அத டிசைன் பண்ணாங்க. பிடிஆர்-80 அந்த தரத்துல அளந்த வண்டி இல்ல, அதோட இரும்பு எந்தப் பக்கமும் சுமார் 10 மிமீ தாண்டாது, எங்க மேஜையில முன்னாடி 3, சைடு 2ன்னு வச்சிருக்கோம். 12.7 மிமீ ஹெவி மெஷின் கன் கிட்டக்க 4, தூரத்துல 3. இது எங்க தீர்ப்பு, நீங்க மாத்திக்கலாம், ஆனா முதல் செஷனுக்கு அப்புறம் மாத்தாதீங்க, ப்ளேயர்ஸ் அந்த நம்பர நம்பித்தான் ப்ளான் போடுவாங்க.

ஆர்பிஜி-7 ராக்கெட்டுக்கு (இது தோள்ல வச்சு சுடுற லாஞ்சர், நம்ம ஆட்டத்தோட ஆர்பிஜி வேற) இந்த ஏணி வேலைக்கு ஆகாது. பழைய பிஜி-7வி குண்டே 260 மிமீ இரும்ப துளைக்கும், இங்க இருக்கறது 10. அதனால பட்டா துளைக்கும், அதுல டைஸே வேணாம். டைஸ் வேண்டியது படுதா இல்லையாங்கறதுக்குத்தான், ஓடுற வண்டின்னா 300 மீட்டருக்கு மேல ரொம்ப கஷ்டமாக்குங்க. பட்டாலும் வண்டி சினிமால வர்ற மாதிரி வெடிச்சுப் பறக்க வேண்டியதில்ல, அந்த சூடான பீச்சு ஒரு கோட்டுல உள்ள போகும், அந்தக் கோட்டுல யார் இருக்காங்கங்கறதுதான் கேள்வி. ஒரு சீட் உருட்டுங்க, அந்த ஆளுக்கு முழு அடி, பக்கத்து சீட்டுக்கு பாதி, மத்தவங்களுக்கு புகையும் காது அடைப்பும். அப்புறம் தனியா ஒரு டைஸ், டீசல் பத்திக்குதா, தோட்டா பத்திக்குதான்னு. இப்படி வச்சா மொத்த டீமும் ஒரே உருட்டுல சாகாது, அதே சமயம் யாருக்கும் வண்டிக்குள்ள நிம்மதியும் இருக்காது.

கண்ணிவெடிக்கும் அதே தரத்துல நம்பர் இருக்கு, லெவல் 2ன்னா 6 கிலோ, 3ன்னா 8 கிலோ, 4ன்னா 10 கிலோ, சக்கரத்துக்கு அடியிலன்னா ஏ, வயித்துக்கு அடியிலன்னா பி. தட்டையான அடிப்பாகம் உள்ள பழைய வண்டிங்களுக்கு இதுல பாஸ் மார்க் குடுக்காதீங்க. காஸ்பிர் மாதிரி அடிப்பாகம் வி ஷேப்ல இருக்குற வண்டிதான் கண்ணிவெடி ரோட்டுக்குன்னே பண்ணது.

5. டீசலும் தோட்டாவும்

600 கிமீக்கு 300 லிட்டர், அதாவது லிட்டருக்கு 2 கிமீ. அதுவும் நல்ல ரோட்ல. காட்டுல, சேத்துல போனா பாதியா போட்டுக்கோங்க. 300 லிட்டர்னா 15 ஜெர்ரிகேன், ஒரு பேரல்னா 200 லிட்டர். இந்த மூணு நம்பர மேஜை மேல ஒட்டி வைங்க. கதையில டீசல் எங்க கிடைக்கும்ங்கற கேள்விதான் டீம ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு இழுத்துட்டு போகும், நீங்க தனியா மிஷன் யோசிக்கவே வேண்டாம்.

பிடிஆர்-60, 70 எடுத்தா அதுல ரெண்டு பெட்ரோல் இன்ஜின், ரெண்டையும் பராமரிக்கணும், ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணுல நொண்டிட்டு போகலாம். மெக்கானிக் கேரக்டர் ஒருத்தர் டீம்ல இருந்தா அவருக்கு தீபாவளி.

தோட்டாவுல ஒரு சின்ன விஷயம், ஆனா ஆட்டத்தையே மாத்தும். பிடிஆரோட 500 ரவுண்டு ஒரே பெல்ட்ல இருக்காது, 50 ரவுண்டு பெட்டியா 10 பெட்டி. அந்த துப்பாக்கி நிமிஷத்துக்கு 600 சுடும், அதாவது விரல எடுக்காம பிடிச்சா அஞ்சு செகண்ட்ல பெட்டி காலி. அப்புறம் கன்னர் அந்த இருட்டுல தொங்குற சீட்ல உக்காந்துட்டு அடுத்த பெட்டிய மாத்தணும். அதுக்கு ஒண்ணு ரெண்டு டர்ன் வைங்க. நாங்க 10 தீப்பெட்டி வாங்கி கன்னர் முன்னாடி அடுக்கிருவோம், ஒரு பெட்டி தீந்தா ஒண்ண எடுத்து ஜிஎம்கிட்ட குடுக்கணும். மூணு பெட்டி மிச்சம் இருக்கும்போது கன்னர் மூஞ்சிய பாருங்க.

6. தண்ணியில இறக்கணும்னா

பிடிஆர்-80, ஃபூக்ஸ், விஏபி, எல்ஏவி-25 எல்லாம் மிதக்கும், வேகம் மணிக்கு 10 கிமீ பக்கம். ஸ்ட்ரைக்கர் மிதக்காது. இறங்குறதுக்கு முன்னாடி மூஞ்சியில இருக்குற அலை தடுப்பு பலகைய தூக்கணும், பம்ப் ஓடுதான்னு பாக்கணும், சைடு கதவுல முன்னாடி பட்ட குண்டு ஓட்டை இருந்தா அடைக்கணும். நாலாவது பேப்பர்ல அந்த ஓட்டைய குறிச்சு வச்சிருந்தா இங்க வேலைக்கு வரும். ஆத்த விட கரைதான் பிரச்சனை, வழுக்குற செங்குத்தான கரையில 13 டன் வண்டி ஏறாது. டீம்ல யாராச்சும் நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ் (ஆர்மியோட இன்ஜினியர் படை) தம்பி கேரக்டர் போட்டிருந்தா கரைய வெட்டி வழி பண்ற வேலைய அவருக்குக் குடுங்க, சாப்பர் வேலையே அதுதான்.

7. மேஜையில வைக்க வண்டி: செலவு எவ்வளவு

இது கட்டாயம் இல்ல. கார்டுல மேல் பார்வை படத்த வெட்டி வச்சே சூப்பரா ஆடலாம். ஆனா வண்டின்னு ஒண்ணு கண்ணு முன்னாடி நின்னா அதோட மவுசே தனி.

முதல்ல ஸ்கேல் முடிவு பண்ணுங்க, அதுக்கு முன்னாடி ஒரு ரூபா கூட செலவு பண்ணாதீங்க. பிடிஆர்-80 1:100ல ஏழரை சென்டிமீட்டர் சொச்சம், 1:72ல பத்தரை சென்டிமீட்டர் சொச்சம், 1:56ல பதிமூணரை, 1:35ல கிட்டத்தட்ட 22. உங்ககிட்ட ஏற்கனவே இருக்குற சிப்பாய் பொம்மை 28 மிமீன்னா 1:56 எடுங்க, புதுசா ஆரம்பிக்கிறீங்கன்னா 1:72தான் சரி, சிப்பாயும் சீப்பா பெட்டி பெட்டியா கிடைக்கும். 1:35 வாங்கி ஷோகேஸ்ல வைங்க, மேஜையில அது எருமை மாதிரி நிக்கும்.

ப்ளாஸ்டிக் கிட் வாங்கினா 1:72க்கு 1200ல இருந்து 3000 ரூபா வரைக்கும் பாத்திருக்கேன், கூட பசை, ப்ரைமர், பெயிண்ட் வாங்கினா இன்னொரு ஆயிரம். ஒட்டி பெயிண்ட் காய ஒரு வாரம் வச்சுக்கோங்க, மழை மாசத்துல பெங்களூர் ஈரத்துல ஸ்ப்ரே அடிச்சா வெள்ளை வெள்ளையா பூத்துரும், வெயில் வர்ற நாளா பாத்து அடிங்க.

3டி பிரிண்ட் இதவிட சீப்பு. கிராமுக்கு 5ல இருந்து 12 ரூபா வரைக்கும் கேக்குறாங்க, 1:72 வண்டி உள்ள கொஞ்சம் காலியா விட்டு அடிச்சா 50, 60 கிராம் வரும். கொட்டேஷன் கேக்கும்போது மூணு விஷயம் எழுத்துலயே குடுங்க: முடிஞ்ச வண்டியோட நீளம் எத்தனை மில்லிமீட்டர், இன்ஃபில் (உள்ள எவ்வளவு நிரப்பறது) எத்தனை பர்சன்ட், சப்போர்ட்ட (அடிக்கும்போது முட்டுக் குடுக்குற குச்சிங்க) யார் எடுக்கறது. "1:72ல போட்டுருங்க"ன்னு வாயில மட்டும் சொன்னா ஃபைல் எந்த ஸ்கேல்ல இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது, அப்படியே அடிச்சு குடுத்துருவாங்க, காசும் குடுத்தாகணும். 1:100 ஃபைல 1:72 ஆக்கணும்னா 139 பர்சன்ட், 1:56ல இருந்துன்னா 78 பர்சன்ட். ஃபைலோட லைசென்ஸயும் படிங்க, சிலது சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு இருக்கும், கடையில குடுத்து அடிக்கலாமான்னு அதுல பாத்துட்டு குடுங்க. துப்பாக்கி குழாய மட்டும் ஃபைல்ல இருந்து எடுத்துருங்க, அது எப்படியும் முதல் நாளே உடையும். அதுக்கு பதிலா குண்டூசிய தலைய வெட்டி சொருகுங்க, 1:72ல கனக்கச்சிதமா இருக்கும், ப்ரைமர் அடிச்சதும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

வெளிநாட்டுல இருந்து வரவைக்கணும்னா நிதானம். கொரியர்ல வந்தா கேஒய்சி கேப்பாங்க, ஆதார், பான் ஸ்கேன் ரெடியா வைங்க, ஆர்டர்ல இருக்குற பேரும் அதுல இருக்குற பேரும் ஒண்ணா இருக்கணும். நம்ம ஆளுங்களுக்கு இனிஷியல் ப்ரச்சனை எப்பவும் உண்டு, ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே எழுத்து மாறாம ஆர்டர் போடுங்க. பெட்டியில 14 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கான்னும் பாருங்க, 14 வயசுக்குள்ள பசங்க பொம்மைக்கு 2021 ஜனவரி 1ல இருந்து பிஐஎஸ் தர முத்திரை வேணும். டியூட்டி, கொரியர் கட்டணம் எல்லாம் சேந்தா பொம்மை விலையே ரெட்டிப்பா தெரியும். முதல் வண்டிக்கு இந்த வழி வேணவே வேணாம்.

கலர் சரியா அடிக்கணும்னு சொல்லி அல்சூர் பக்கம் கேம்ப் வாசல்ல நின்னு மிலிட்டரி வண்டிய போட்டோ எடுக்காதீங்க. அங்க எடுக்கக் கூடாது, போன வாங்கி வச்சுருவாங்க. நிஜ கவச வண்டிய கிட்டக்க பாத்தே ஆகணும்னா அகில்யாநகர்ல (பழைய பேரு அகமத்நகர்) கேவல்ரி டேங்க் மியூசியம் இருக்கு, புனே போற வேலை வந்தா சேத்து வச்சுக்கோங்க.

8. மேஜை, இடம், நேரம்

கணக்கு ஒண்ணு சொல்றேன். மணிக்கு 80 கிமீல போற வண்டி ஆறு செகண்ட் டர்ன்ல 133 மீட்டர் போகும். 1:72 மேஜையில அது ஒரு மீட்டர் 85 சென்டி, அதாவது உங்க ஆறடி மேஜை ஒரே டர்ன்ல முடிஞ்சுது, வண்டி சோஃபா மேல நிக்குது. 14.5 மிமீ ரெண்டு கிலோமீட்டர் சுடும், அத மேஜையில வச்சா 28 மீட்டர், கோரமங்கலா கஃபேல வண்டிய வச்சா குண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற கடையில விழும். அதனால வண்டி ஓடுற சீனுக்கு ஸ்கேலே வேணாம், ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு ஒரு கட்டம் 100 மீட்டர்னு வச்சுக்கோங்க. பொம்மைய வண்டி நின்ன பிறகு, ஆளுங்க இறங்குற சீனுக்கு மட்டும் எடுங்க.

இடத்துக்கு போர்ட் கேம் கஃபே நிறைய இருக்கு, இந்திராநகர், கோரமங்கலா, எச்எஸ்ஆர் பக்கமெல்லாம். ஆளுக்கு மணிக்கு 100, 200ன்னு ஆகும், அஞ்சு பேர் நாலு மணி நேரம்னா கணக்கு போட்டுக்கோங்க. பெரிய மேஜைய முன்னாடியே போன் பண்ணி சொல்லி வைங்க, வார நாள்ல போனா கூட்டமும் கம்மி. அபார்ட்மென்ட்ல யாராச்சும் இருந்தா க்ளப் ஹவுஸ் புக் பண்றது இன்னும் மலிவு.

சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு செஷன் வைக்காதீங்க. சில்க் போர்டு ட்ராஃபிக்ல மாட்டினவன் ஏழரைக்கு வருவான், வந்ததும் பசிக்குதும்பான். ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி, டிபன் சாப்பிட்டுட்டு வர சொல்லுங்க, ரோடு காலியா இருக்கும். மெட்ரோ பக்கத்துல இடம் பிடிச்சா பாதி ப்ரச்சனை இல்ல. வண்டி பேப்பர்ஸ் பிரிண்ட் ரெண்டு நாள், 3டி பிரிண்ட் க்யூவோட சேத்து ஒரு வாரம், பெயிண்ட் இன்னொரு வாரம், அதனால முதல் செஷனுக்கு மூணு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க. பொம்மை வரலன்னு செஷன தள்ளிப் போடாதீங்க, ஒரு தடவை தள்ளினா அப்புறம் ஒவ்வொருத்தரா ஊருக்கு போறேன், ஆபீஸ்ல ரிலீஸ் இருக்குன்னு கழண்டுப்பாங்க.

9. முதல் செஷன்ல வண்டிய முழுசா குடுக்காதீங்க

டேங்க்ல 60 லிட்டர், தோட்டா மூணு பெட்டி, ஒரு டயர் கிழிஞ்சது, ரேடியோ பேசும் ஆனா கேக்காது. இந்த மாதிரி குடுங்க. 60 லிட்டர்னா 120 கிமீ, மேப்ல அந்த வட்டத்துக்குள்ள ரெண்டு ஊரும் ஒரு ஆறும் இருக்குற மாதிரி வரைஞ்சுக்கோங்க, எந்தப் பக்கம் போறதுன்னு அவங்களே அடிச்சுக்கட்டும். ராக்கெட் லாஞ்சர் உள்ள எதிரிய முதல் செஷன்ல காட்டுங்க, சுட வைக்காதீங்க. தூரத்துல பைனாகுலர்ல ஒருத்தன் தோள்ல அத சாச்சுட்டு டீ குடிக்கிறத பாத்தாலே போதும், அடுத்த நிமிஷம் யாரு எந்த சீட்டுன்னு பென்சில் தேடுவாங்க.

வண்டிக்கு பேர் வைக்க அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. எங்களோடது முனியாண்டி, டரட் பக்கத்துல வெள்ளை பெயிண்ட்ல எழுதியிருக்கு.

செஷன் முடிஞ்சதும் நாலு பேப்பரையும் போன்ல போட்டோ எடுத்து குரூப்ல போட்டுருங்க, டீசல் எவ்வளவு, பெட்டி எத்தனை, எந்த டயர் போச்சுன்னு. மூலப் பேப்பர் ஜிஎம்கிட்டயே இருக்கட்டும், கன்னர்கிட்ட குடுத்து அனுப்பினா அடுத்த வாரம் தோட்டா பெட்டி எண்ணிக்கை தானா கூடியிருக்கும்.